கீழறையில் கிளர்ச்சி

என் இதயத்தில் 144 தடை உத்தரவு போட்டது ஒரு திங்கட்கிழமை. ஐந்து துடிப்புகளோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடக்கூடாது. ஊர்வலம் கூடாது. கோஷம் கூடாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் விலக்கு உண்டு, ஆனால் ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது.

அதை வாசித்துக் காட்ட வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். தாளை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார். பிறகு ஒரு பிரதியில் பசை தடவி இடது பக்கத்தில் ஒட்டினார். பசை காயும்வரை குனியாதீர்கள் என்றார். நான் முப்பத்துமூன்று வருடம் லைன்மேன் வேலை பார்த்தவன். எத்தனையோ கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பமும் முறைத்ததில்லை. நானும் முறைக்கவில்லை.

தப்பு டாக்டர் மேல் இல்லை. டாக்டர் ஜெபக்கனி நல்ல மாதிரி, பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார். என் இதயத்தின் கீழறையில் ஓர் இடம் முறை வருவதற்கு முன்பே துடிக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். இதயத்தில் மேலிருந்து கரண்ட் வந்த பிறகுதான் கீழே துடிக்க வேண்டும். இந்த இடம் காத்திருக்கவில்லை. லேசாகத் தொட்டாலே எழுந்துவிடுகிற குணம் அதற்கு. அந்தக் குணத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு. அதைச் சீட்டில் எழுதினார்.

எங்கள் தாலுகாவில் இங்கிலீஷ் சீட்டு செல்லாது. மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போய்த் தமிழாகி வரவேண்டும். அங்கே சங்கரவேலு என்ற எழுத்தர் அகராதியைப் புரட்டி, "இதயத்தின் கீழறையில் மின் கிளர்ச்சி" என்று எழுதினார். தட்டச்சு செய்தவர் இடம் போதாமல் மின் என்பதை விட்டுவிட்டார். சீட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டியது. தாசில்தாரிடம் போயிற்று. கிளர்ச்சி என்று எழுதிய எந்தத் தாளும் அவரிடம்தான் போகும்.

மறுநாள் பந்தோபஸ்து வந்தது. வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"இது உள்ள போயி என்ன செய்யும் டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"இதயத்துல செல்லு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசல் இருக்கு ஐயா. உப்பு அது வழியா உள்ள போனாத்தான் செல்லு முழிக்கும். மாத்திர போயி அந்த வாசல்ல நிக்கும்."

"நின்னு?"

"சட்டுன்னு விடாது. சின்னதா யாராவது கூப்பிட்டா செல்லுக்குக் கேக்காது. ஒரு தடவ துடிச்ச செல்லு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் வேணும். அந்த நேரத்தையும் இது இழுத்துவிடும்."

"அந்த நேரத்துல ரொம்ப வேண்டியவங்க கூப்பிட்டா?"

டாக்டர் பேனாவை மூடினார். "செல்லுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க எல்லாம் தெரியாது ஐயா."

எனக்குப் புரிந்தது. கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது லைனில் கரண்ட் விடமாட்டோம். கலெக்டர் வீட்டிலிருந்து போன் வந்தாலும் விடமாட்டோம். ஏறியவன் இறங்கி வந்து சொல்ல வேண்டும். என் நெஞ்சில் யாரோ ஏறியிருக்கிறார், இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "சில பேருக்கு இந்த மாத்திரையே புதுசா ஒரு கலவரத்த உண்டு பண்ணும்."

"அப்படி ஆனா?"

"அதுக்கு ஒரு மாத்திர இருக்கு."

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் நாள் தெருவில் லாரி டயர் வெடித்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், அடுத்த கையையும் மாட்டினேன். ஐந்தாம் நாள் வீட்டில் ஃபியூஸ் போடும்போது கை தவறி லைனைத் தொட்டுவிட்டேன். விரல் கருகிற்று. நெஞ்சு அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் இதே மாத்திரையை நான்கு வருடம் சாப்பிட்டவர். இப்போது தெருமுனையில் விளக்குக் கம்பமாக நிற்கிறார். மஞ்சள் பெயிண்டில் அவருக்கு எண் எழுதியது நான்தான். ஏழின் கீழ் பதினான்கு. அவர் மகள் வெள்ளிக்கிழமை வந்து அடியில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். "அப்பா நல்லா எரியுதாவளா மாமா?" என்று கேட்பாள். நல்லா எரியுதாருமா, பழுதே கிடையாது என்பேன். பொய் இல்லை. உயிரோடு இருந்தபோது அடிக்கடி கோபப்படுவார். இப்போது அந்த மாதிரி எதுவும் கிடையாது.

இதையெல்லாம் நான் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன். வடிவு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதுதான் சிக்கல்.

செண்பகவடிவு என் மனைவி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஏழாம் வார்டில் போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். உறவை நிரூபித்தால் போதும்.

அதற்குக் குடும்ப அட்டை செல்லாது. கல்யாணப் போட்டோவும் செல்லாது. மாலையைப் போட்டுக்கொண்டு யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றார் ரெஜினாள். உறவு சரிபார்ப்பு அறைக்கு அவர்தான் பொறுப்பு. மேசையில் முழங்கையை ஊன்றாமல் எழுதுகிறவர். கை காலில் கிளிப்பு மாட்டுவார். நெஞ்சில் ஆறு இடத்தில் ஒட்டுவார். பிறகு திரையை விலக்குவார். திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் நோயாளி இருப்பார். பார்த்ததும் வந்தவர் நெஞ்சு ஒருமுறையாவது முறை தப்பித் துள்ள வேண்டும். துள்ளினால் இயந்திரம் தாளில் கோடு போட்டுக் காட்டும். அதுதான் உறவு.

மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள். மூன்றிலும் துள்ளாவிட்டால் நோயாளி கேட்பாரற்றவர் என்று எழுதி, பின்கட்டில் உள்ள கேட்பாரற்றோர் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து யாரும் வீட்டுக்குப் போனதில்லை. அவர்களுக்குத்தான் வீடே இல்லையே என்றார் ரெஜினாள்.

முதல் வாய்ப்புக்கு நான் போனது மாத்திரை தொடங்கி ஆறாவது நாள். ஏழாம் வார்டு வராந்தா முன்பெல்லாம் ஒரு கம்பத் தூரம்தான் இருக்கும். அன்று எட்டுக் கம்பத் தூரம் இருந்தது. நடந்தேன், நடந்தேன், வார்டு வரவில்லை. எதிரே வந்த ஆயாம்மாவிடம் கேட்டேன்.

"மாத்திர சாப்பிடுதியளா?"

"ஆமா."

"அப்ப அப்படித்தான் இருக்கும். மாத்திர போட்டா கரண்ட் மெள்ளத்தான போவும்? வராந்தா நீளும். வழியில உக்காந்து உக்காந்து போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெஜினாள் கிளிப்பு மாட்டினார். திரையை விலக்கினார். வடிவு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ தலைவாரிவிட்டிருந்தார்கள், வகிடு அவளுடைய வகிடு இல்லை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

தாளில் கோடு ஒரே சீராகப் போயிற்று. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடைவெளி. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடைவெளி.

"இவிய யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார் ரெஜினாள்.

"என் பொஞ்சாதி."

"தாளு அப்படிச் சொல்லலியே."

"மாத்திர சாப்பிடுதேன் மேடம். அதான்."

"மாத்திர சாப்பிடுத எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

வடிவுக்கு இதெல்லாம் கேட்டது. தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, என்னயப் பாத்து ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலியா?"

"செய்யுது வடிவு. தாள்லதான் வரல."

"முப்பத்தோரு வருசம்" என்றாள். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரம் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. இரண்டு நர்சுகள் ஓடிவந்தார்கள். ரெஜினாள் திரையை மூடிவிட்டார்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. இருந்தது. தொண்டைவரை வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க அதற்கு அனுமதி இல்லை. நான் வராந்தாவில் பாதி வழியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன். இறங்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் வாய்ப்புக்குத் தந்திரமாகப் போனேன். பச்சை மிளகாய் மூன்றை மென்றுகொண்டு போனேன். மூச்சை அடக்கினேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தாளில் ஒன்றும் வரவில்லை. மிளகாயைத் துப்பிவிட்டு வாருங்கள் என்றார் ரெஜினாள். வடிவு இந்த முறை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு என்று கூப்பிட்டேன். மெதுவாகத் திரும்பினாள். மெதுவாகவே மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

திரையை மூடுவதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். பெயர் தங்கப்பழம். ஜவுளிக் கடையில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து வைக்கிற ஆள். கைக்குட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றபோதே தன் கதையைச் சொல்லியிருந்தார். சித்தப்பா ஒருவரைக் கூட்டிப் போகத்தான் முதலில் வந்தாராம். சுபாவத்திலேயே பயந்தவர். எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் அவர் நெஞ்சு துள்ளும். துள்ளினால் உறவு.

"இதுவரைக்கும் பதினோரு பேரு ஆயிட்டு அண்ணாச்சி. அதுல நாலு மாமியா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லப் பயமா இருக்கே."

ரெஜினாள் அவருக்குக் கிளிப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திரை இன்னும் திறந்திருந்தது. தங்கப்பழம் நிமிர்ந்து வடிவைப் பார்த்தார். தாளில் கோடு துள்ளியது. ஒன்று இல்லை, மூன்று.

"பன்னெண்டாவது" என்றார் ரெஜினாள்.

"ஐயோ அவிய இவரு சம்சாரம்" என்றார் தங்கப்பழம்.

"தாளு ஒங்க பக்கந்தான சொல்லுது. அண்ணாச்சிக்கு ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கு. வியாழக்கெழம வரட்டும். அதுவும் போச்சுன்னா நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. அவிய பையி கட்டிலுக்கு அடியில இருக்கு."

எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் அதற்குள் அழத் தொடங்கிவிட்டார். வீட்டில் இனிமேல் படுக்க இடமில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போனேன். சொல்லை மாற்றினால் உத்தரவு போய்விடும், உத்தரவு போனால் பந்தோபஸ்தும் போய்விடும் என்பது என் கணக்கு. சங்கரவேலு வாய் நிறைய வெற்றிலையோடு அகராதிகளுக்கு நடுவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கிளர்ச்சி வேண்டாமா? சரி. எழுச்சின்னு போடுதேன்."

"போடுங்க."

"போட்டா கட்சிக்காரன் வந்துருவான். நெஞ்சுல கொடி நடணும்பான். பரபரப்புன்னு போடவா?"

"அதுக்கு என்ன?"

"பேப்பர்க்காரன் வருவான். துடிப்புன்னு போட்டா இளைஞர் நலத்துக்குப் போயிரும். ஒங்களுக்கு வயசு அம்பத்தேழு. திருப்பி அனுப்பிருவாவ."

"பேசாம அமைதின்னு போட்டுருங்க சார்."

சங்கரவேலு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அமைதின்னு போட்டா அன்னைக்கே ஒங்க பேர அட்டைல இருந்து எடுத்துருவாவ அண்ணாச்சி. சொல்லு எல்லாம் எப்பவோ யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ. உள்ளதுல இதுதான் மிச்சம்."

"மின்னு அப்படிங்கிற ரெண்டெழுத்த முன்னால சேக்க முடியாதா?"

"சேக்கலாம். ஆறு மாசம் ஆவும்."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஊரடங்கு போட்ட ஊரில் சாமான் வாங்கக் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள் அல்லவா, அதுபோல் கேட்கலாம் என்றார். மனு அவர்தான் எழுதினார். நல்ல தமிழ். தாசில்தார் அதன் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாழன் காலை பத்து மணி முதல் பத்தரை வரை தளர்வு. மூன்று நாள் முன்பிருந்தே பந்தோபஸ்து விலக்கிக்கொள்ளப்படும்.

டாக்டர் ஜெபக்கனி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மாறியது.

"நிறுத்தாதீங்க ஐயா. நிறுத்துனா அந்த இடம் திரும்ப எந்திரிக்கும். ஒண்ணு ரெண்டு துள்ளுச்சுன்னா பரவால்ல. வரிசையாத் துள்ள ஆரம்பிச்சா கீழற முழுசும் நடுங்கும். நடுங்குற இதயம் ரத்தத்தத் தள்ளாது."

"அப்புறம் எவ்வளவு நேரம்?"

"சில நிமிஷம்."

"அந்தச் சில நிமிஷத்துல கையெழுத்து வாங்கிரலாமா?"

டாக்டர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். செத்துப் போகப் பயம் உண்டா என்று கேட்டால் உண்டு. ஆனால் தங்கப்பழத்தின் வீட்டில் நான்கு மாமியார்களுக்கு நடுவில் வடிவு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

திங்களும் செவ்வாயும் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அலமாரியில் வடிவின் சீப்பு. அதில் ஒரு நரைமுடி சுற்றியிருந்தது. நெஞ்சு நின்றது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு உள்ளிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒன்று விழுந்தது. கையில் எடுத்த சோறு தட்டில் விழுந்தது. நான் அழுதேன். பத்து நாள் தொண்டையில் நின்றதெல்லாம் சேர்ந்து இறங்கியது. நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் துள்ளியது. அவள் செருப்பு. பால்காரன் மணி. ரேடியோவில் தஞ்சாவூர் வானிலை. நெஞ்சில் ஒட்டியிருந்த உத்தரவு ஒரு மூலையில் கிழிந்து தொங்கிற்று. இரண்டிரண்டாக வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று மூன்றாக வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்து ஆகிவிடக்கூடாது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வியாழன் காலை வராந்தா மூன்று காலடித் தூரம்தான் இருந்தது. ஏழாம் வார்டு கதவில் முட்டிக்கொண்டேன். தங்கப்பழம் எனக்கு முன்பே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நீங்களே ஜெயிச்சிருங்க அண்ணாச்சி என்று கையைப் பிடித்துக்கொண்டார். பத்து அடித்தது. ரெஜினாள் எனக்குக் கிளிப்பு மாட்டித் திரையை விலக்கினார்.

வடிவு கட்டிலில் இருந்தாள். வகிடு இன்னும் தப்பாகவே இருந்தது.

நெஞ்சு எகிறியது. ஒன்று, இரண்டு, நின்று, மூன்று, நான்கு. இயந்திரத்தின் முள் தாளைக் கிழித்தது. தாள் மேசையிலிருந்து வழிந்து ரெஜினாளின் காலடியில் குவிந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"போதும் அண்ணாச்சி, போதும். ஒத்துக்கிட்டேன். மூச்ச விடுங்க."

"கூட்டிட்டுப் போலாமா?"

"இருங்க. இவரும் துள்ளியிருக்காருல்லா. ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு பாத்தியத சொன்னா நோயாளி நெஞ்சத்தான் கேக்கணும்."

சரிதான் என்றேன். எனக்குப் பயமே இல்லை. வடிவின் நெஞ்சு எனக்குத் தெரியும். நான் கம்பத்தில் ஏறியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டால் இறங்கி வரும்வரை தெருவாசலில் நிற்கிறவள் அவள். ரெஜினாள் என்னிடமிருந்து கிளிப்புகளைக் கழற்றி வடிவுக்கு மாட்டினார். முதலில் தங்கப்பழத்தைக் காட்டினார். கோடு சீராகப் போயிற்று. தங்கப்பழம் பெருமூச்சு விட்டார். பிறகு என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்.

போய் நின்றேன். வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

மேலே ஒன்று, கீழே ஒன்று, இடைவெளி. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடைவெளி.

"மேடம், மிஷின்ல ஏதோ பழுது" என்றேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. மொதத் தடவ நீங்க வந்தியல்லா, அன்னைக்கு ஒங்க தாளப் பாத்துட்டு இவியளுக்குத் தாறுமாறா அடிச்சிட்டு. சீட்டு எழுதித் தாலுகா ஆபீசுக்கு அனுப்புனோம். அன்னையில இருந்து மாத்திர குடுக்கோம்."

"எந்த மாத்திர?"

"வெள்ள. நடுவுல ஒரு கோடு இருக்கும். இவியளுக்கு வேளைக்கு நாலு."

அன்று அவள் பையைக் கீழே வைத்தது மட்டும் கண்ணுக்குள் நின்றது. நான் மாத்திரை சாப்பிட்டதால் அவளும் சாப்பிட வேண்டியதாயிற்று.

"ஒரு பக்கம் மட்டும் துள்ளுனா உறவுன்னு எழுத முடியாது அண்ணாச்சி" என்றார் ரெஜினாள். குரலில் கடுமை இல்லை. "மூணு வாய்ப்பும் முடிஞ்சிட்டு. அவருக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல."

எழுதினார். முழங்கையை ஊன்றாமல் எழுதினார். கேட்பாரற்றவர். முத்திரை வைத்தார். இரண்டு பேர் வந்து கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பையையும் கட்டிலின் மேல் வைத்துவிட்டார்கள். தங்கப்பழம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நிம்மதியில் அழுதாரோ என்னவோ.

"இனிமே நான் அவளப் பாக்கவே முடியாதா?"

ரெஜினாள் என்னை வினோதமாகப் பார்த்தார். "யாரு சொன்னா? சொந்தக்காரங்களுக்குத்தான் அனுமதி வேணும். கேப்பாரத்தவங்கள யாரு வேணும்னாலும் பாக்கலாம். கதவு தொறந்துதான் கெடக்கும்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "பத்தரை ஆகப்போவுது. மறக்காம முழுங்கிருங்க. ஒங்க மொகம் சரியில்ல."

கேட்பாரற்றோர் பிரிவு பின்கட்டில் இருந்தது. உண்மையிலேயே கதவு திறந்திருந்தது. முப்பது கட்டில் இருக்கும். சத்தமே இல்லை. எல்லோரும் கண்ணைத் திறந்தபடி கிடந்தார்கள். வடிவு கடைசிக் கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. நின்றால் விழுந்துவிடுவேன் போல் இருந்ததால் கேட்காமலே உட்கார்ந்தேன். நெஞ்சில் இப்போது எண்ண முடியவில்லை. நான்கா ஐந்தா என்று தெரியவில்லை. மாத்திரை கையில் வியர்த்துக் கரைய ஆரம்பித்திருந்தது.

வடிவு என் பக்கம் திரும்பினாள்.

"வாங்க. யாரப் பாக்க வந்திய?"

மரியாதையாகத்தான் கேட்டாள். எப்போதுமே யார் வந்தாலும் மரியாதையாகத்தான் கேட்பாள்.

"சும்மாத்தான்" என்றேன்.

"மொகமெல்லாம் வேர்த்துருக்கு. வெயில்ல வந்தியளா? அந்தச் செம்புல தண்ணி இருக்கு, குடிங்க."

தண்ணீரை மட்டும் குடித்தேன், மாத்திரை கையிலேயே இருந்தது. பாதி சட்டையில் கொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினாள். தெரியாதவர்கள் பேச்சை எங்கே தொடங்குவார்களோ அங்கே தொடங்கினாள்.

"ஒங்க வீட்டுல எப்படி இருக்காவ?"

"ஆஸ்பத்திரில இருக்கா."

"அடப் பாவமே. என்ன செய்யுது?"

"இடுப்புல அடி. அது கூடிட்டு. இப்ப வேற."

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லன்னு எழுதியிருக்காவ."

வடிவு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். குரல் உயர்ந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கரண்ட் பில்லைக் கட்ட மறந்துபோகும்போதும் மழையில் நனைந்துகொண்டு வரும்போதும் வருகிற குரல்.

"நல்லா இருக்கே ஒங்க கத. பொண்டாட்டிய ஆஸ்பத்திரில போட்டுட்டு இங்க வந்து முன்னப்பின்னத் தெரியாதவகிட்ட உக்காந்து பேசிட்டு இருக்கிய. அவ வாசலையே பாத்துட்டுக் கெடப்பா. ஒரு பொம்பளைக்கு அத விடக் கொடும ஒண்ணு உண்டா? எந்திரிங்க."

"இன்னும் ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசமும் கெடையாது. மொதல்ல போயி அவளப் பாருங்க."

இந்த முப்பத்தோரு வருடத்தில் அவள் அந்தக் குரலில் சொல்லி நான் கேட்காமல் இருந்ததில்லை. எழுந்தேன். ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டேன். சரி, போறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன்.